வலது காது

டாக்டர் ஃபன் ஸெய்ல் குழாயை எடுத்துவிட்டு
"எத்தனை வருஷம்?" என்றார்.
எதை என்று நான் கேட்கவில்லை.
திரையில் என் காதின் துவாரம்.
ஈறு கிழித்து வரும் கடைவாய்ப் பல் மாதிரி
மூன்று வெள்ளை மேடுகள்,
நடுவில் ஒரு நெல் நுழையும் இடைவெளி.

புற்று இல்லை, பயப்பட வேண்டாம்.
குளிர்ந்த நீர் போய்ப் போய்த் தொட்ட இடத்தில்
எலும்பு தானாக வளர்ந்திருக்கிறது.
அங்கே தோல் வெங்காயச் சருகைவிட மெல்லிசாம்.
அடியில் இருந்ததற்குக் குளிர் தாங்கவில்லை,
கதவு வைத்துக்கொண்டுவிட்டது.

நாற்பத்தொரு வருஷம் என்றேன்.
அதற்குமேல் அவரிடம் சொல்லவில்லை.

மியூசன்பர்க் மணலில் பலகை நட்டிருந்தார்கள்,
வெள்ளையருக்கு மட்டும்.
காவலர் ஏழு மணிக்கு வருவார்.
ரைலண்ட்ஸிலிருந்து நானும் குபேந்திரனும்
அவன் மாமாவின் ரொட்டி வேனில்
நாலரைக்கே கிளம்புவோம்,
எங்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு
அவர்கள் பலகையைத் தாண்டி.
ஜூலை மாதம்.
விரல் எங்கே முடிகிறதென்று தெரியாது.
சட்டம் தூங்கி எழுவதற்குள்
எட்டு அலை, மிஞ்சினால் பத்து.
பிறகு ஒற்றைக் காலில் குதித்து, தலை சாய்த்து,
காதிலிருந்த கடலைக் கொட்டிவிட்டு
தபாலாபீஸ் வேலைக்கு.
அந்தப் பலகையைப் பிடுங்கிப் போட்ட பிறகும்
அதே நேரத்துக்குத்தான் விழிப்பு வந்தது.

வலது பக்கம்தான் மோசமாம்.
அலைக்குக் காத்திருக்கும்போது
காற்றைப் பார்த்திருந்த பக்கம்.

நான் எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று
லோகினி இரண்டு வருஷமாகச் சொல்கிறாள்.
படத்தைக் காட்டினேன்.
போட இடமில்லை, பார்.
அவள் சிரிக்கவில்லை.

காதுக்குப் பின்னால் கிழித்து, செதுக்கி எடுத்தார்கள்.
கட்டுப் பிரித்த அன்று
ஃப்ரிட்ஜ் இவ்வளவு பேசுமென்று தெரிந்தது.
என் வாயில் நொறுங்கும் அப்பளம் சத்தம் குறைந்து
அவள் வாயில் நொறுங்குவது கேட்டது.

எலும்புச் சில்லுகளைக் கேட்டு வாங்கிவந்தேன்,
மருந்துக் குப்பியில், அரைத் தேக்கரண்டி.
கடலில் போடலாமென்று.
குபேந்திரனை அங்கேதான் விட்டோம்,
பகல் பதினொரு மணிக்கு.
யாரும் தடுக்கவில்லை.

"உயிரோடிருக்கிறவன் அஸ்தி கரைப்பானா?"
லோகினி குப்பியைப் பிடுங்கி
உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தாள்.
இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இடது காதுக்கு ஆகஸ்டில் தேதி.
ஆகஸ்டில்தான் அலை ஒழுங்காக வரும்,
தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன்.
டாக்டர் ஏதோ சொன்னார்,
இடது பக்கம் நின்றுகொண்டு.