பதினேழு பேரைத் துப்புரவு செய்தேன்

விடுதிக்காரி ஓஃபெல்மினா சொன்னாள்:
பாதையோரம் நிற்பவை பார்க்கச் சகிக்கவில்லை,
பொகோட்டாவிலிருந்து படமெடுக்க வருகிறார்கள்,
அந்தச் சருகையெல்லாம் உரித்துவிடு.
நாள் ஒன்றுக்கு ஐம்பதாயிரம் பேசோ,
மதியம் உருளைக்கிழங்குக் கஞ்சி.
நான் மறுக்கவில்லை.

மூடுபனிக்குள் தூரத்திலிருந்து பார்த்தால்
அங்கி போட்ட ஆட்கள் வரிசையில் நிற்பதுபோல் இருக்கும்.
அதனால்தான் எங்கள் மலையில் அவற்றுக்கு
ஃப்ரைலெஹோன் என்று பெயர்: பெருந்துறவி.
உச்சியில் மட்டும் உயிருள்ள இலைகள்,
முயல் காதுபோல் மயிர் அடர்ந்து.
போகிற மேகத்தை அந்த மயிர் பிடித்துவைத்துச்
சொட்டுச் சொட்டாய்த் தரையில் விடும்.
கீழே, தோள் முதல் கால் வரை,
முப்பது நாற்பது வருடத்துச் செத்த இலைகள்
உதிராமல்
ஒன்றின்மேல் ஒன்றாய்த் தண்டைப் பொத்திக்கொண்டு.

மற்ற மரங்கள் செத்ததைக் கீழே போட்டுவிடுகின்றன.
இது ஏன் சுமக்கிறது?
கேட்டிருக்கலாம். கொடுவாளைத்தான் எடுத்தேன்.

பதினேழு பேர்.
சருகுக்குள்ளிருந்து வண்டுகள் ஓடின,
ஒரு குருவிக்கூடு விழுந்தது, காலி.
உரித்த தண்டு என் முழங்கைப் பருமன்,
வெளிறி, கொஞ்சம் ஈரமாய்,
மொட்டையடித்த தலையைப் பார்க்கிற கூச்சம்.
வந்தவர்கள் அதனருகில் நின்று சிரித்துப் படமெடுத்தார்கள்.

ஜனவரி வந்தது.
மேகமில்லாத இரவுகள்.
வாளித் தண்ணீர் விடிவதற்குள் கண்ணாடியாகும் மாதம்.
காலை ஆறரைக்கு வெயில்
சவரக்கத்திபோல் நேராக வந்து உச்சி இலையில் இறங்கும்.
இலைக்கு அப்போதே தண்ணீர் வேண்டும்.
வேருக்கோ இன்னும் கை விறைத்திருக்கிறது.

உரித்தவற்றின் இலைகள் துவண்டன.
தண்ணீர் ஊற்று என்றாள் ஓஃபெல்மினா.
ஊற்றினேன்.
கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும் சதுப்பு அது,
அதில் வாளி வாளியாய் ஊற்றினேன்.
தண்ணீரில் நின்றுகொண்டே
தாகத்தில் செத்தன.

முதலில் சாய்ந்ததைக் குறுக்கே அறுத்தேன், அதிகாலையில்.
மரம் என்று சொல்ல ஓரத்தில் ஒரு மெல்லிய வளையம்.
நடுவெல்லாம் சோறு,
ரொட்டியின் உள்பக்கம்போல் மெத்தென்று இருக்க வேண்டியது.
வாளுக்கடியில் நறநறத்தது.
பனிக்கட்டி.

அப்போதுதான் உறைத்தது.
விடிகாலையில் அது தரையிலிருந்து குடிப்பதில்லை.
நெஞ்சுக்குள் ஒரு தொட்டி வைத்திருக்கிறது.
அதிலிருந்து குடிக்கிறது.

மறுநாள் நாலு மணிக்கு வேலி தாண்டிப் போய்
யாரும் தொடாத ஒன்றின் சருகுக்குள்
முழங்கை வரை கையை விட்டேன்.
பழைய துணிப்பெட்டியின் வாசனை.
வெதுவெதுப்பு என்று சொல்லமாட்டேன்.
உறைபனி இல்லை, அவ்வளவுதான்.
பிளாஸ்க் மூடியைத் திறக்க முடியாத என் விரல்கள்
கொஞ்ச நேரத்தில் மடங்கி நிமிர்ந்தன.
கையை எடுக்க மனம் வரவில்லை.

பதினொன்று போய்விட்டன. ஆறு மிச்சம்.
உருளைக்கிழங்குச் சாக்குகளைக் கிழித்துச்
சுற்றிச் சுற்றிக் கட்டினேன்.
முன்பைவிட அசிங்கம் என்று ஓஃபெல்மினா
சாக்குக் காசைக் கூலியில் பிடித்துக்கொண்டாள்.

இந்த வருடம் நாலு பூத்திருக்கின்றன, மஞ்சளாய்.
பிழைத்துவிட்டன என்றேன்.
சாகப்போகிறதும் பூக்கும் என்றாள் என் மனைவி நூபியா,
தோளிலிருந்து ருவானாவை உதறியபடி.

இன்று காலை போய்ப் பார்த்தேன்.
ஓரத்துத் துறவிக்கு அடியிலை ஒன்று பழுத்துக் காய்ந்து,
விழாமல்,
மெல்ல மடிந்து சாக்கின்மேல் படுத்திருந்தது.
ஒரே ஒரு இலை.
சணல் சாக்கு மூன்று வருடம் தாங்கினால் அதிகம்.