தன்மை ஒருமை

ஹேவ்லாக் சதுக்கத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி:
"அவர் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது.
அவர் நான் என்றால் நானும் நான்.
பதினோரு ஆண்டுகளில்
மனைவியை மூன்று முறை அடித்திருக்கிறேன்.
பேரங்காடியில் பால்மாவு திருடியிருக்கிறேன்.
குடித்துவிட்டு லாரி ஓட்டி
காலாங் பாலத்துக் கம்பியை வளைத்திருக்கிறேன்.
மாலை ஐந்தரைக்கு அத்தனை பேரையும்
நீதிமன்ற வாசலில் விட்டுவிட்டு
ரயிலேறிவிடுவேன்.

கொளஞ்சிநாதன் வந்தது மார்ச்சில் ஒரு செவ்வாய்.
துவாஸ் கட்டுமானத் தளத்தில் காணாமல்போன
செம்புக் கம்பி, அறுபது கிலோ.
"நான் எடுக்கலீங்க" என்றான்.
நான் எடுக்கவில்லை என்றேன், ஆங்கிலத்தில்,
அந்த 'ங்க'வை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

பிணை ஐயாயிரம் வெள்ளி.
பிணையாளி குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும்.
கடப்பிதழ் ஒப்படைக்கப்பட வேண்டும்.

பிணை என்றதும் விழித்தான்.
கட்டுவதும் பிணை, கட்டை அவிழ்க்கக் கேட்பதும் பிணை,
பழைய பாட்டில் மிரண்டு நிற்கும் பெண்மானும் பிணை.
ஜாமீன் என்று மாற்றிச் சொன்னேன்.
"ஜாமீனா? எனக்கு யாருங்க இருக்கா இங்க?"
அதையும் பெயர்த்தேன்.
இல்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

அவனுக்கு முந்தைய வழக்கு நான்கு லட்சம்.
அவருக்கு நான் தேவைப்படவில்லை,
ஆங்கிலம் நன்றாகவே பேசினார்.
கொழுந்தியாள் கையெழுத்திட்டாள்.
பாங்காக்கில் ஒரு கூட்டம் என்றார்கள்,
கூடுதல் தொகை கட்டிப் போய்வர அனுமதி.
மூன்று நாடுகளில் அவருக்கு வீடு.
அவர் ஓடமாட்டார்.
திட்டக்குடிப் பக்கம் ஓட்டுவீடு ஒன்று இருப்பதால்
இவன் ஓடக்கூடும்.
திரும்பிப்போக ஓர் ஊர் இருப்பது
சிலருக்கு எதிரான சாட்சியம்.

அன்று என் சேமிப்பில் ஏழாயிரத்து முந்நூறு இருந்தது.
மொழிபெயர்ப்பாளர் பிணை நிற்கக் கூடாது.
அந்த விதிக்கு நான் மனசுக்குள் நன்றி சொன்னேன்.
இதை இதுவரை எந்த மொழியிலும் சொன்னதில்லை.

ஏப்ரல். மே. சாங்கியிலிருந்து திரையில் வந்தான்.
உதடு அசைந்து அரை நொடி கழித்துக் குரல் வரும்.
ஆவணங்கள் தயாராகவில்லை, இன்னும் நான்கு வாரம்.
ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?
"வெளிய மழை பெய்யுதாங்களா?"
அதுவும் அவன் சொன்னதுதான். பெயர்த்தேன்.
நீதிபதி சன்னலில்லாத சுவரைப் பார்த்தார்.
"பெய்கிறது என்று நினைக்கிறேன்."
கெட்டவர் இல்லை அவர்.
அந்தக் கட்டடத்தில் நான் கெட்டவர்களைத் தேடி அலுத்துவிட்டேன்.

ஜூலையில் வழக்கறிஞர் வந்தார், இலவசமாக வருபவர்,
ஒரு கையில் இன்னும் எட்டுக் கோப்புகள்.
ஒப்புக்கொண்டால் மூன்று மாதம்,
பிடித்த நாளிலிருந்து கணக்கு.
நீ உள்ளே இருந்தது நான்கு. இன்றைக்கே வெளியே, பிறகு விமானம்.
மறுத்தால் விசாரணை நவம்பரில்.
அதுவரை இங்கேதான்.

கொளஞ்சிநாதன் விரல்விட்டு எண்ணினான்.
நவம்பர் வரவில்லை, மறுபடி எண்ணினான்.
பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்,
"நீங்களா இருந்தா என்னங்க பண்ணுவீங்க?"

நான் அதை வழக்கறிஞருக்குப் பெயர்த்துக் கொடுத்தேன்.
தன்னைத்தான் கேட்கிறான் என்று நினைத்து
அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.
அந்தப் பதிலைத் தமிழில் அவனிடம் தந்தேன்.
அவன் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

பிற்பகல் இரண்டரை.
குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது.
"ஒத்துக்கிறேங்க."
நான் ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.
இன்னும் சத்தமாக, பதிவுக்காக, என்றார்கள்.
நான் எடுத்தேன். நான்தான் எடுத்தேன்.

ஐந்தரைக்கு சைனாடவுன் நிலையம்.
அட்டையைத் தட்டினேன்.
போதுமான தொகை இருந்தது.
கதவு திறந்தது.