நான்கு டிகிரி முன்னால்

கப்பலூர் சிட்கோவில் ஷட்டர் பாதி இறங்கிய பட்டறை.
இரவு பதினொன்றேகால்.
என் எஸ்டீமின் வால்வு கவர்
பழைய தினத்தாளின் மேல் மல்லாந்து கிடக்கிறது.
மணமகள் தேவை பத்தியில் ஆயில் ஊறுகிறது.

துளசிராம் அண்ணன் புது கியரைத் துடைக்கிறார்.
கோவையில் கடைந்தது. நீலப் பூச்சு, ஐந்து போல்ட்,
பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் பத்துக் கோடு,
இந்தப் பக்கம் பத்து.
“கேம் அதேதான் தங்கச்சி, கம்பெனி கேம்.
வால்வு ஒரு நூல்கூட அதிகமாத் திறக்காது.
எப்பத் திறக்குதுங்கறது மட்டுந்தான்
நம்ம கையில.”

எனக்கு அது போதும்.
சிறுமலை ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.
விதைப் பைகளோடு இரண்டாம் கியரில் திரும்பினால்
வண்டி ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.
அந்த ஒரு நொடிக்குள்
பின்னால் வரும் பலாப்பழ லாரிக்காரன்
என் பிறப்பையே சந்தேகித்து ஹாரன் அடித்துவிடுவான்.
அதற்காகத்தான் மூன்று மாதச் சீட்டுப் பணம்
நீல நிறத்தில் மினுங்குகிறது.

முதலில் இரண்டு டிகிரி முன்னால்.
கேமில் ஒன்று நகர்ந்தால் கிராங்கில் இரண்டு.
ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்
ஸ்பேனர் போட்டுக் கையாலேயே இரண்டு சுற்று.
அண்ணன் கண்ணை மூடிக்கொள்கிறார்.
வால்வும் பிஸ்டனும் உரசினால்
காதுக்கு முன்னால் மணிக்கட்டுக்குத் தெரியுமாம்.

உரசவில்லை.
ஆனால் கேமின் வாலில் டிஸ்ட்ரிபியூட்டர்.
இதைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பி
நெருப்பு சீக்கிரமே பற்றிவிடும்.
ஒச்சப்பன் டைமிங் லைட்டைப் பிடிக்க
ஒவ்வொரு தடவையும் அதைத் தளர்த்தி
பழைய இடத்துக்கே இழுத்து வர வேண்டியிருந்தது.
எரிச்சலாக வந்தது எனக்கு.
அண்ணனுக்கு வரவில்லை.

சர்வீஸ் ரோட்டில் மூன்றாம் கியர்,
நாற்பதிலிருந்து எண்பது.
ஒச்சப்பன் செல்போனில் நொடி பார்த்து
பால்பாயின்ட் பேனாவால் முழங்கையில் எழுதுகிறான்:
பூஜ்யம், ஒன்பது எட்டு.
இரண்டு, ஒன்பது ஐந்து.
நான்கு, ஒன்பது இரண்டு.
ஆறு, ஒன்பது நான்கு; ஐடிலிங்கில்
பேருந்து நிலையச் சேர்போல ஆடியது.

“அந்தப் பக்கம் போனா என்னண்ணே?”
“கீழ செத்துரும்.”
“ஒரு தடவை.”

நான்கு பின்னால்.
நாற்பதில் மாட்டு வண்டி. ஐம்பதிலும் மாட்டு வண்டி.
ஒச்சப்பன் எழுதுவதை நிறுத்திவிட்டான்.
ஆனால் ஐயாயிரத்தைத் தாண்டி
நான் காலை எடுக்காமல் மிதித்தபோது
எட்டு வருஷமாக என்னோடு இருந்த எஞ்சினுக்குள்ளிருந்து
வேறொருத்தி கத்திக்கொண்டு வந்தாள்.
அதே இரும்பு, அதே பெட்ரோல், அதே நான்.
ஸ்டியரிங்கில் கை வியர்த்துவிட்டது.

“நல்லாத்தான் பாடுது,” என்றார் அண்ணன்,
“பாடுறதுக்கு ரோடு வேணுமே.”

நான்கு முன்னாலேயே நிறுத்தினோம்.
போல்ட்டுகளை இறுக்கிய பிறகு
என் பையிலிருந்த நகப்பூச்சால்
கோட்டின் குறுக்கே ஒரு சிவப்புக் கீற்று.
சிரிப்பான் என்று பார்த்தேன்;
ஒச்சப்பன் குனிந்து ஊதி உலர்த்தினான்.

விடிகாலை மூன்று மணி. திருமங்கலம் போகும் வழியில்
ரயில்வே கேட் மூடியிருந்தது.
இரவெல்லாம் உட்கார்ந்து சேர்த்த பத்தில் ஆறு நொடியை
ஒரு கூட்ஸ் ரயில்
நாற்பத்தேழு பெட்டிகளாகத் தின்றுகொண்டு போனது.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
டாஷ்போர்டுப் பெட்டிக்குள்
கேட்டு வாங்கி வந்த ஆலன் கீ
புது ஐடிலிங்குக்குக் கிணுகிணுத்தது.
அண்ணன் எதற்கென்று கேட்கவில்லை.

கேட் ஏறியது.
பின்னால் நின்ற பால் வண்டிக்காரன்
ஹாரனுக்குக் கையைக் கொண்டுபோவது கண்ணாடியில் தெரிந்தது.
அவன் கை போய்ச் சேருவதற்குள்
நான் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.