கடைசிப் பந்தி

நான் வாளி கழுவுகிறவன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்:
மீனின் இதயம் கடைசிப் பந்தியில் உட்காரும்.
செவுள் வாங்கிவந்த பிராணவாயுவைத்
தசை உண்டு, குடல் உண்டு, மூளை உண்டு,
மிச்சமாய்த் திரும்பும் கருத்த ரத்தத்தில்தான்
அது தன் பசியைக் கழுவிக்கொள்ளும்.

ட்ரவுட் மீனுக்கு மட்டும் சற்றுச் சலுகை.
செவுளிலிருந்து நேராக ஒரு மெல்லிய குழாய்,
கொல்லைக் கதவு வழியே சுடச்சுட வரும் கிண்ணம்போல.
அந்தக் கதவைத்தான் யோர்டிஸ் சாத்தினாள்
கறுப்புப் பட்டு நூலால், இரண்டு முடிச்சு.
இன்னொரு மீனையும் அறுத்தாள்,
எதையும் கட்டாமல் தைத்தாள்.
கத்தி பட்ட அதிர்ச்சி இரண்டுக்கும் பொதுவாக இருக்கவேண்டுமாம்.

பதினோரு டிகிரியில் வித்தியாசமே இல்லை.
சும்மா கிடக்கையில்
இரண்டும் ஒரே கணக்கில் மூச்சு வாங்கின.
"அப்புறம் எதற்கு அந்தக் குழாய்?" என்றேன்.
யோர்டிஸ் ஹீட்டரைத் திருகினாள்.

மணிக்கு ஒரு டிகிரி.
சூடு ஏற ஏற
இலைக்கு இலை இன்னொரு கரண்டி கேட்கிறார்கள்.
தண்ணீரோ அரிசியைக் குறைத்து உலை வைக்கிறது.
கடைசிப் பந்திக்குப் பாத்திரம் வரும்போது
சுரண்டும் சத்தம்.

இருபத்தொன்றில்
கட்டிய மீனின் துடிப்பு ஒன்றை விட்டது.
பிறகு இரண்டை.
திரையில் பச்சைக் கோடு
படி தெரியாமல் இறங்குகிறவன்போல் தடுமாறியது.
இருபத்துமூன்றரையில் மல்லாந்தது.
மற்றது இன்னும் இரண்டு டிகிரி தாங்கியது.
அவள் நோட்டில் எழுதினாள்.
நான் இரண்டையும் குளிர்ந்த தொட்டிக்குத் தூக்கினேன்.
ஒன்றுதான் நிமிர்ந்தது.

யோத்தெபோரியில் அந்த ஜூலையில்
டிராம் தண்டவாளத்துக்குத் தண்ணீர் அடித்தார்கள்.
வீடு திரும்பும் வழியில் சேவெ ஆற்றுப் பாலம்.
என் சட்டைப்பையில் மிச்சப் பட்டு நூல்.
அதில் தெர்மாமீட்டரைக் கட்டி இறக்கினேன்.

இருபது புள்ளி எட்டு.

பாலத்து நிழலில் சால்மன்கள்
கடலிலிருந்து வந்து, வரிசை தப்பாமல், அசையாமல்.
வயதாக ஆக அந்தக் குழாய்
யாரும் கட்டாமலே தடித்து அடையுமென்று
யோர்டிஸ் ஒருமுறை சொன்னாள்.
எந்த மீனுக்கு என்று பார்த்தேன்.
எல்லாம் ஒரே மாதிரிதான் மூச்சு வாங்கின.

மேலே, கல்லில் மோதி, அருவி.
நூலைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.
இன்னும் எதுவும் தாவவில்லை.