மாட்டுக்கு ஏது பில்லு

ஆடியில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது.
கேமராவைத் துடைத்து பீரோவில் வைக்கும்போது
தாலுக்கா ஆபீஸிலிருந்து போன்.
இடைத்தேர்தலாம்,
பறக்கும் படைக்கு வீடியோ எடுக்க ஆள் வேண்டுமாம்.
நாள் ஒன்றுக்கு எண்ணூறு, சாப்பாடு தனி.
தையில் செத்துப்போன எம்மெல்லேவுக்கு
மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.
அவர் மகள் கல்யாணம் நான்தான் எடுத்தது.
ஆல்பத்துக்குப் பாக்கி பன்னிரண்டாயிரம்
வரவேயில்லை என்பது வேறு கதை.

பறக்கும் படை என்று பேர்தான்.
ஊதியூர் பிரிவில் வேம்புக்கடியில்
நாலு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம்.
ஆடிக்காற்றுக்கு படிவங்கள்தான் பறந்தன.
கிளுவை வேலியில் சிக்கியதையெல்லாம்
ஏட்டு சென்னியப்பன் போய்ப் பொறுக்கி வருவார்.

ரோட்டில் தார் வாசம் இன்னும் போகவில்லை.
தேதி அறிவித்ததற்கு முந்தின ராத்திரி ஊற்றியது,
பதினோரு வருசம் மனுக் கொடுத்த ரோடு.
"ஒருத்தரு போனா ஒரு ரோடு வருதுன்னா
இன்னும் மூணு ரோடு பாக்கியிருக்குதுங்"
என்றான் எளநிக்காரன்.
ரெஜினா மேடம் சிரித்துவிட்டு
என் பக்கம் திரும்பி,
"அதை அழிச்சிருங்க" என்றார்.

பால் வண்டி போனது.
தேங்காய்ப் பருப்பு லாரி போனது.
சைரன் போடாத ஆம்புலன்ஸ் ஒன்று
மூன்று தடவை போனது.
ஆம்புலன்ஸை எப்படி நிறுத்துவது?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்
தாவணியிலிருந்து டிவிஎஸ் வண்டியில் வந்தார்
பொங்கியண்ணன்.
மடியில் துண்டுக்குள்
எழுபத்தோராயிரத்து எண்ணூறு.
ஐம்பதுக்கு மேலே போனால் கணக்கு வேண்டும்.
"ஏதுங்க பணம்?"
"மாடு வித்தனுங்."
"பில்லு?"
"மாட்டுக்கு ஏதுங் பில்லு?"

கேரியரில் சுருட்டியிருந்த கயிற்றை எடுத்து
மேசைமேல் வைத்தார்.
மாட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லை எங்கள் பக்கம்.
கயிறு வீடு திரும்பும்,
அடுத்த கன்றுக்குக் கட்டுத்தரையில் கிடக்கும்.
"தொட்டுப் பாருங் மேடம்,
எச்சில்கூடக் காயலைங்."

மேடம் தொட்டுப் பார்த்தார்.
நான் ஜூம் போனேன்,
முகூர்த்தத்தில் தாலிக்குப் போவதுபோல.
பழக்கதோசம்.
தேய்ந்து மினுங்கும் முடிச்சு,
அதில் நாலைந்து செவலை மயிர்.

நோட்டின் எண்கள் தெரியவேண்டும் என்றார்கள்.
கிட்டப் போய் எடுத்தேன்.
ஓர் ஐநூறில் யாரோ
ஒரு ஃபோன் நம்பர் எழுதியிருந்தார்கள்.
உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள்.
மாட்டுக்கு இல்லாத பில்லு
பணத்துக்குக் கிடைத்தது, மூன்று பிரதி.
"கயிறும் வேணுங்களா?" என்று கேட்டார்.
படிவத்தில் கயிற்றுக்குக் கட்டம் இல்லை.

அன்று ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் போனது.
வந்தபோது எங்கள் கதவிடுக்கில் கவர்.
வரிசை எண், பாகம் எண், என் பேர்
எழுத்துப் பிழையில்லாமல்.
ரேசன் கார்டில்கூட அப்படி இருந்ததில்லை.
அம்மா ஓட்டைச் சேர்க்கவில்லை என்று
வீட்டுக்காரிக்கு வருத்தம்.
கேமரா பை
பக்கத்திலேதான் இருந்தது.
சார்ஜ் இல்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

யாரோ ஜெயித்தார்கள்.
பட்டாசுக் குப்பையோடு ஊர்வலத்தையும் எடுத்தேன்,
அதற்கு ரொக்கம், கையோடு.

ஆவணி பிறந்து ஒரு நாள்
ஸ்டூடியோ படியேறி வந்தார் பொங்கியண்ணன்.
திருப்பூருக்கு நாலு தடவை அலைந்தாயிற்றாம்.
"அந்தக் கயிறு தெரியற எடத்த மட்டும்
ஒரு போட்டோ போட்டுத் தாங்.
கலெக்டரு ஆபீசுல காட்டோணும்."

கல்யாண ஆல்பத் தாளில்
பெரிய சைஸாகப் போட்டுக் கொடுத்தேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"செவலைதானுங்" என்றார், யாரிடமோ.

காசு வேண்டாம் என்றேன்.
"காசு வேண்டாட்டிப் போகுதுங்,
பில்லு மட்டும் போட்டுருங்."

பில் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.
பன்னிரண்டாயிரம் பாக்கிக்கு
அடுத்த பக்கம் காலியாக இருந்தது.