ஐம்பத்திரண்டில் இருபத்தேழு

அக்டோபரில் கதவைத் திறந்தபோது
கரும்பலகையின் மூலையில்
முதல் பருவத்தின் கடைசித் தேதி
அழியாமல் இருந்தது.
ஓட்டில் ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே
சத்துணவு அண்டாவை நகர்த்தி வைத்துவிட்டுத்
தொடங்கினோம்.

மூன்று வகுப்பும் சேர்த்து இருபத்தொரு பேர்.
அரும்பு ஏழு, மொட்டு ஒன்பது, மலர் ஐந்து.
மொட்டில் உட்காரும் தில்லிபாபு
மலருக்குப் போக இன்னும் எவ்வளவு நேரம் என்று
வாரம் ஒருமுறை விசாரிப்பான்,
காட்பாடி பஸ்ஸைக் கேட்பதுபோல.

குச்சிகள் குடியாத்தத்திலிருந்து வந்தவை,
மருந்தில் தோயாதவை.
கோபிகாவின் அத்தை
ஒரு மஞ்சள் பை நிறையக் கொடுத்தனுப்பினாள்.
பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்ட
ஒரு முழு வியாழக்கிழமை ஆனது.
ஒன்பது குச்சிக் கட்டுகள் மூன்று,
பதினொன்று உள்ளது ஒன்று.
எண்ணாமல் கட்டியது யாரென்று எல்லோருக்கும் தெரியும்.
ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு.
"ரெண்டுல ஏழு போகுமா?"
"போவாது டீச்சர்!"
"அப்போ?"
"பக்கத்து வூட்ல கடன் வாங்கணும்!"
ஐந்தின் கதவைத் தட்டினோம்.
முகம் சுளிக்காமல் ஒரு கட்டைத் தந்துவிட்டு
ஐந்து நான்காகிப் போனது.
ரப்பர் பேண்டு அவிழ்ந்து
சிமெண்டுத் தரையெங்கும் குச்சிகள் உருண்டன.

அப்போது இஷ்ரத் கை தூக்கினாள்.
ஜூனிலிருந்து ஒருநாளும் தூக்காத கை.
"எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?"

"வட்டி இன்னா?" என்றான் தில்லிபாபு.

சிரித்தேன். வகுப்பும் சிரித்தது.
பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டிய லாரி ஒன்று
நீளமாய் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
பதில் சொல்லாமல் அடுத்த கணக்கை எழுதினேன்.
அவள் சிலேட்டில் விடை பதினைந்து.
மீந்த இரண்டு கட்டில் ஒன்றை எடுத்து
ஐந்தின் வாசலில் வைத்திருந்தாள்.
"குடுத்துட்டேன் டீச்சர்."

நவம்பரில் பாலாறு வந்தது.
இரண்டு நாள் விடுமுறை, மூன்றாம் நாள் ஓவியம்.
அதுவரை ஆறென்றால்
மணலும் ஸ்டம்பும் வரைந்தவர்கள்.
நீலக் கிரயானை எடுத்த ஒருவனை
மற்றவர்கள் அடிக்கப் போனார்கள்.
"டீ கலர் இல்லியா டீச்சர்?"
கொட்டாங்கச்சிகளில் ஊன்றிய காராமணியில்
பதினாறு முளைத்தன.
முளைக்காதவற்றில் ஒன்று என்னுடையது.

மாதக் கடைசியில் பதிவேட்டைக் கூட்டும்போதுதான் கண்டேன்:
இஷ்ரத்தின் வரிசையில்
செவ்வாய்தோறும் பெருக்கல் குறி.
காய்ச்சலுக்குக் கிழமை தெரியாதே.
பென்சில் சீவியபடி கோபிகா சொன்னாள்:
"அன்னிக்குக் குழு லோன் சார் வருவாரு.
அவங்கம்மா பின்பக்கமா பூடுவாங்க.
வூட்ல யாரும் இல்லன்னு சொல்ல
இவ இருக்கணும்."

மறுவாரத்திலிருந்து
செவ்வாய்க் கணக்கைப் புதனுக்கு மாற்றினேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.

அரையாண்டுத் தேர்வு.
அறுபத்தொன்றில் முப்பத்து நான்கு.
ஆறை அடித்து ஐந்தாக்கியிருந்தாள்,
ஒன்றைப் பதினொன்றாக்கியிருந்தாள்,
இருபத்தேழு. சரி.
அடிபட்ட ஆறின் தலைமேல்
எறும்பளவு எழுத்தில்:
பாக்கி 1.

அதற்கு மதிப்பெண் இல்லை.
சிவப்புப் பேனாவை மூடினேன், திறந்தேன்,
அந்த எழுத்தின்மேல் படாமல்
பக்கத்தில் ஒரு சரி போட்டேன்.

தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் சிக்னல் வரும்.
ஏறி நின்று
செயலியில் அவள் பெயருக்கு நேரே
மலரைத் தொட்டேன்.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
கீழிருந்து அண்ணாந்து கேட்டான் தில்லிபாபு:
"டீச்சர், நானு?"