மூன்று பத்துக்கு வந்தவ

எனக்குத் தந்த வேலை பெயரை உரத்து வாசிப்பது.
மாங்குளத்தில், என் சொந்த வகுப்பறை, ஏழு ஆ.
சுவரில் சமிபாட்டுத் தொகுதியின் படம்,
அதன் குடலுக்கு நேர் கீழே வாக்குப் பெட்டி.

மூன்று பத்துக்கு கேதாரகௌரி வந்தா.
அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினா.
முன்பின் தெரியாதவள் போல இலக்கத்தை வாசித்தேன்.

இடாப்பில் வீடு நாற்பத்தொன்று இருந்தது.
அடுத்தது நாற்பத்திமூன்று.
நடுவில் அவவின் வீடு:
ஆவணியில் தகரம் போட்டது,
கிணறு இன்னும் கட்டி முடியவில்லை.

கனகராயன்குளத்து ஜீ.எஸ். போய்விட்டா என்று வெட்டினார்.
எங்கள் ஜீ.எஸ். திகதி முடிந்தது என்று
படிவத்தை மேசைக்குள் வைத்தார்.
இரண்டு கந்தோருக்கும் இடையில் பஸ்ஸில் அரை மணித்தியாலம்.
காணாமல் போனா என்று எழுத வந்தது, எழுதவில்லை.
அந்தச் சொல்லுக்கு இங்கே வேறு இடாப்பு இருக்கிறது.

"தங்கச்சி மினசோட்டாவில, மிஸ்.
போட் போடுற அண்டைக்கே கரண்ட் பில்லோட போய்
அங்கயே பதிஞ்சு அங்கயே போட்டவளாம்.
பில் இல்லாட்டிலும் காணுமாம்,
இவ இஞ்சதான் இருக்கிறா எண்டு
அதே வட்டாரத்து ஆள் ஒராள் சத்தியம் பண்ணிக்
கையெழுத்து வைச்சால்.
அண்ணா டெக்சாஸில. அங்க முப்பது நாளைக்கு முன்னம்.
வீடு மாறின அலுப்பில விட்டிட்டார்.
ஒரே நாடு, ஒரே கொடி."

தலைமை அலுவலர் நிமிராமலே சொன்னார்:
"அம்மா, இது அமெரிக்கா இல்லை."
"அது எனக்கும் தெரியும்" என்றா.

கையெழுத்து என்றதும் வரிசை அசைந்தது.
"நான் வைக்கிறன்" என்றார் நாகேந்திரம்,
"நாற்பத்திமூன்று என்ர வீடு.
அவவின்ர கோழியள்தான்
என்ர மிளகாய்க் கண்டு முழுக்கத் திண்டது.
இருக்கிறாவோ இல்லையோ எண்டு என்னட்டக் கேளுங்கோ."
காலையிலிருந்து ஒன்றுக்கும் ஒத்துவராத
மூன்று கட்சி முகவர்களும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

அந்தக் கையெழுத்தை வைக்க
எங்கள் படிவம் எதிலும் ஒரு கோடு இல்லை.

அவ சின்ன விரலை ஒருதரம் பார்த்தா.
மை பூசுகிற பெடியன் குப்பியை மூடினான்,
பிறகு, அடுத்த ஆளுக்காக, திறந்தான்.
"கபிசன் கணக்குச் செய்யிறானோ மிஸ்?"
பின்னம் கழிக்க வராது என்று சொல்லவில்லை.
செய்யிறான் என்றேன்.

நாலு மணிக்குக் கதவு மூடிக் கணக்கு எழுதினோம்.
வந்தும் போடாமல் போனவர்களுக்குப் பெட்டி இல்லை.

திங்கட்கிழமை அதே அறை. மேசை பழைய இடத்தில்.
வரவு இடாப்பைத் திறந்தேன்.
முப்பத்திரண்டு பெயர் அச்சில்,
முப்பத்திமூன்றாவது அடியில், நீலப் பேனையில், என் கையெழுத்தில்.
இரண்டாந் தவணை நடுவில்
ஈரச் சேட்டோடு வாசலில் நின்றவனை
வந்த அன்றைக்கே எழுதியது.

விடுகைப் பத்திரம் இன்னும் வரவில்லை.

"கபிசன்."
"ஓம் மிஸ்."